சுவரைப் பார்க்கும் ஜான்சி

யாராவது கீபோர்டில் பாஸ்வேர்டு அடிக்கக் கையைக் கொண்டுபோனால் போதும், ஜான்சி சட்டென்று சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்வாள். சும்மா தலையை மட்டும் திருப்புகிறவள் இல்லை. நாற்காலியை விட்டு எழுந்து, முழு உடம்பையும் திருப்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பாள். சுவரில் காலண்டர் இருந்தால் அன்றைய ராசிபலனைப் படிப்பாள். கல்யாண போட்டோ இருந்தால் மாலையில் எத்தனை வகைப் பூ என்று பார்ப்பாள். வெறும் சுவர் என்றால் பெயின்ட் உதிர்ந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள். "ஆச்சும்மா" என்று வீட்டுக்காரர் சொல்லும்வரை இந்தப் பக்கம் திரும்ப மாட்டாள்.

"நீ பாத்தா இன்னா ஆவப் போவுது ஜான்சி? வெளி ஆளா நீ?" என்று பழகிய வீடுகளில் கேட்பார்கள்.

"வாணாங்க்கா. பாஸ்வேர்டுன்றது பீரோ சாவி மாரி. நாளைக்கு எதனா காணாமப் போச்சின்னா மொதல்ல எம் மூஞ்சிதான் உங்களுக்கு ஞாபகம் வரும்."

அனகாபுத்தூரில் ஒரு ஸ்கூட்டி நுழைந்தால் எதிரே இன்னொன்று நிற்க வேண்டிய சந்தில் அவள் வீடு. கணவன் லாசரஸுக்கு மறைமலை நகரில் கார் உதிரிபாகக் கம்பெனியில் ஷிப்ட் வேலை. ஜான்சிக்கு நேரம் காலம் இல்லாத வேலை. வீட்டுக் கம்ப்யூட்டரில் இருக்கும் பழைய விண்டோஸை எடுத்துப் புது விண்டோஸ் ஏற்றிக் கொடுப்பது. மேற்குத் தாம்பரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் டோக்கன் கொடுக்கிற பெண்ணாகச் சேர்ந்தவள், பழுதான கம்ப்யூட்டரைத் திறந்து பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்றுக்கொண்டாள். சென்டர் மூடியபோது முதலாளி கையை விரித்தார். ஜான்சி ஒரு ஸ்க்ரூடிரைவர் பையோடு தெருவில் இறங்கினாள்.

விண்டோஸ் பத்துக்கு இனிப் பாதுகாப்பு அப்டேட் வராது, பதினொன்றுக்கு மாறிக்கொள்ளுங்கள் என்று செய்தி வந்த நாளிலிருந்து அவள் போன் ஓயவில்லை. சேலையூர், செம்பாக்கம், பள்ளிக்கரணை, பெருங்களத்தூர் என்று ஸ்கூட்டி பறந்துகொண்டே இருக்கிறது.

"காரே பத்து வருஷம் ஓடுது. உன் கம்ப்யூட்டருக்கு மட்டும் அடிக்கடி சட்ட மாத்தணுமா?" என்று லாசரஸ் வம்பிழுப்பான்.

"காருக்கு மூள வாணாம்யா. ஓட்றவனுக்கு இருந்தாப் போதும். இதுல மெஷினுக்கே வோணும்."

ஜான்சியிடம் குறையே இல்லை என்று சொல்ல முடியாது. பத்து மணிக்கு வருகிறேன் என்றால் பதினொன்றுக்குத்தான் வருவாள். போகிற வீட்டிலெல்லாம் ஹெல்மெட்டை மறந்து வைத்துவிட்டு வருவாள். கம்ப்யூட்டரோடு சண்டை போடுவாள். திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தால், "ஏய், சும்மா சுத்திகினே கீறியே, உனக்கு வேற வேல இல்ல?" என்று அதட்டுவாள். ஆனால் மெஷினைத் தொடுவதற்கு முன்னால் அவள் செய்கிற காரியங்கள் இருக்கின்றனவே, அவற்றைப் பார்க்க வேண்டும்.

முதலில் வாசலில் நின்றபடியே மின்வாரிய லைன்மேன் கதிரேசனுக்குப் போன் போடுவாள்.

"அண்ணா, சேலையூர் பக்கம் இன்னிக்கு ஷட்டவுன் கீதா?"

"எம்மா, எங்க இன்ஜினியரு கூட என்னை இத்தினி தடவ கூப்ட்றதில்ல."

"பாதி ஏறும்போது கரென்ட்டு பூட்ச்சின்னா மெஷின் செத்துடும்ணா. நீ ஒரு வார்த்த சொல்லு, நான் நிம்மதியா உக்காருவேன்."

அவன் சொன்ன பிறகுதான் செருப்பைக் கழற்றுவாள். உள்ளே போனதும் சி.பி.யு. பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பாள். காய்ச்சல் கண்ட பிள்ளையின் நெற்றியைத் தொடும் தாயைப் போல, இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு. பிறகு ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் பென் டிரைவ் சொருகுகிற துளையை அடைத்துக்கொண்டிருக்கின்றனவா என்று குனிந்து பார்ப்பாள். முக்கால்வாசி வீடுகளில் அடைத்துக்கொண்டுதான் இருக்கும். காது குடைகிற பஞ்சுக் குச்சியால் துளையை மட்டும் சுத்தம் செய்வாள். பொட்டை அழிக்க மாட்டாள். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் சர்ச்சுக்குப் போகிற ஜான்சி, அந்தக் குங்குமத்தை விரலில் எடுத்து ஓர் அங்குலம் மேலே திரும்ப வைப்பாள். "சாமி அங்கியே இருக்கட்டும். ஓட்டையில மட்டும் வாணாம்."

வேலை முடியாமல் ஒரு சொட்டு டீ குடிக்க மாட்டாள். "மெஷினு எழுந்து உக்காரட்டும், அப்பறம் டீ. அது படுத்துகினு கெடக்க சொல்லோ எனக்குத் தொண்டையில எறங்காது" என்பாள்.

சேலையூரில் ராஜகோபாலன் என்று ஓர் ஓய்வு பெற்ற அதிகாரி. புது விண்டோஸ் பாதி ஏறிக்கொண்டிருக்கும்போது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"ஜான்சி, ராகு காலம் ஆரம்பிச்சிடுத்தே! இப்படியே நிறுத்தி வெச்சுட்டு அப்புறம் கன்டினியூ பண்ண முடியாதா?"

"ஸ்டார்ட் பண்ணது நல்ல நேரந்தானே சார்? தாம்பரத்துல கெளம்புன ரயிலு, ராகு காலம் வந்துட்ச்சின்னு பல்லாவரத்துல நிக்கிதா?"

ராஜகோபாலன் சிரித்துவிட்டார். இப்போது அந்த வசனத்தை அவர்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

வேலையைத் தொடங்கும் முன்னால் எந்த வீட்டிலும் ஒரே ஒரு கேள்வி கேட்பாள். அந்தக் கேள்விக்காகவே அவளை மறுபடி மறுபடி கூப்பிடுகிறவர்கள் உண்டு.

"இதுல இன்னா போனா நீங்க அழுவீங்க?"

பெருவெள்ளம் வந்த வருடம் கற்றுக்கொண்ட கேள்வி அது. அடையாற்றுத் தண்ணீர் வடிந்த மறுநாள், சேறு ஒழுகும் பெட்டிகளைக் குழந்தையைத் தூக்கி வருகிற மாதிரி மார்போடு அணைத்துக்கொண்டு ஜனங்கள் அவள் வாசலில் வந்து நின்றார்கள். பெட்டி போனதற்கு ஒருவரும் அழவில்லை. உள்ளே இருந்த ஏதோ ஒன்றுக்காகத்தான் அழுதார்கள். ஒருத்திக்கு மகளின் முதல் நடனம். ஒருவருக்கு, காலமான தம்பி கிண்டலாகப் பேசிய அரை நிமிட வீடியோ. கிடைத்ததை எல்லாம் ஜான்சி மீட்டுக் கொடுத்தாள். கிடைக்காதவர்களோடு சேர்ந்து உட்கார்ந்து அழுதாள். அதிலிருந்து, அழுகையை முன்கூட்டியே கேட்டுத் தெரிந்துகொள்வது அவள் வழக்கமாகிவிட்டது. சொன்னதை முதலில் தனி டிஸ்கில் நகல் எடுத்து, வீட்டுக்காரரே கண்ணால் பார்த்து "சரி" என்று சொன்ன பிறகுதான் மேற்கொண்டு கை வைப்பாள். எதையாவது அழிக்க வேண்டி வந்தால் அந்தப் பட்டனை அவள் அமுக்க மாட்டாள். உடைமைக்காரர்தான் அமுக்க வேண்டும்.

போன மாதம் முடிச்சூரிலிருந்து துளசிங்கம் கூப்பிட்டார். ஒரு காலத்தில் ஏரிப் பாசனத்தில் நெல் போட்ட குடும்பம். நிலமெல்லாம் மனையாகிப் போன பிறகு சிமெண்ட், கம்பி, ஜல்லி வியாபாரம். கடையில் பில் போடுகிற கம்ப்யூட்டர் புகைந்து போய்விட்டதாம். வீட்டில் சும்மா கிடக்கிற பெட்டியில் புது விண்டோஸ் ஏற்றிக் கடைக்குக் கொண்டுபோக வேண்டுமாம்.

ஜான்சி போனபோது துளசிங்கம் ஊஞ்சல் பலகையில் உட்கார்ந்து மூக்குப்பொடி போட்டுக்கொண்டிருந்தார். அவர் மனைவி தையல்நாயகி அப்போதுதான் கோயிலிலிருந்து வந்து, பூக்கூடையோடு நின்றாள்.

"இதுல இன்னா போனா அழுவீங்க சார்?"

"அழுவுறதா? நானா?" துளசிங்கத்தின் மீசை துடித்தது. "எல்லாத்தையும் சுத்தமாத் தொடச்சிப் போடும்மா. இன்னிக்குக் கடையிலருந்து வாங்கியாந்த மாரி இருக்கணும். எவன் பேரும் அதுல இருக்கக் கூடாது."

எவன் பேரும் என்று அவர் சொன்னபோது பூக்கூடை லேசாக ஆடியது. ஜான்சி அதைப் பார்த்தாள்.

பெட்டி அவர்களுடைய ஒரே மகன் தினகரனுடையது. காலேஜில் படிக்கும்போது வாங்கியது. கூட வேலை பார்த்த பிளஸ்ஸி என்ற பெண்ணை அவன் பதிவுத் திருமணம் செய்துகொண்ட அன்று, "இந்த வாசப்படி மிதிக்காத" என்று சொல்லிவிட்டார் துளசிங்கம். அவனும் மிதிக்கவில்லை. எங்கேயோ அமெரிக்காவில் இல்லை, இதோ பள்ளிக்கரணையில்தான் குடியிருக்கிறான். ஒரு பஸ் மாறி ஏறினால் போய்விடலாம். அந்த ஒரு பஸ்ஸை இரண்டு வருடமாக ஒருவரும் ஏறவில்லை.

"உங்க சர்ச்சுப் பொண்ணு ஒண்ணுதாம்மா எங்க வூட்டு விளக்க அணச்சிட்டுப் போச்சி" என்றார் துளசிங்கம், குத்தலாக.

"சர்ச்சு பெருசு சார். எல்லாப் பொண்ணையும் எனக்குத் தெரியாது" என்றாள் ஜான்சி, ஸ்க்ரூடிரைவரைத் தேடிக்கொண்டே.

அவர் ஒரு போன் பேச வாசல் பக்கம் போனதும் தையல்நாயகி பாய்ந்து வந்து ஜான்சியின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எம்மா, ஆல்பமெல்லாம் வெள்ளத்தோட பூட்ச்சி. ஊறிப்போனத எல்லாம் அவந்தான் காய வெச்சி, ஒண்ணொண்ணா போட்டோ புட்ச்சி இதுல போட்டு வெச்சான். எங்க கல்யாணம், அவனுக்கு மொட்ட போட்டது, எல்லாம் இதுலதான் கீது. தொடச்சிட்டா எம் புள்ள மொகமே இந்த வூட்ல இல்லாமப் பூடும்மா. எனக்கு இதப் போடக்கூடத் தெரியாது. உள்ள கீதுன்ற நெனப்புலதான் இத்தினி நாளு எனக்குச் சோறு எறங்குச்சி."

பெற்ற வயிறு வேறு என்ன சொல்லும்? "இருங்கக்கா, பாக்கலாம்" என்று மட்டும் சொன்னாள் ஜான்சி.

வழி சுலபம்தான். பாஸ்வேர்டு போட்டு உள்ளே நுழைந்தால், இருப்பதெல்லாம் இருக்கும்படியே புது விண்டோஸை ஏற்றிவிடலாம். பேரும் போகாது, படமும் போகாது. பாஸ்வேர்டு இல்லையென்றால் அடியோடு துடைத்துவிட்டுத்தான் ஏற்ற வேண்டும். துளசிங்கம் திரும்பி வந்ததும் அதை அவரிடம் விளக்கினாள்.

"பாஸ்வேர்டு யாருக்குத் தெரியும்? ரெண்டு வருஷமா இத ஒர்த்தரும் தொடல" என்றார்.

"பையன் பள்ளிக்கரணையிலதானே கீறாரு? ஒரு போன் போட்டா சொல்லிடப் போறாரு."

"அந்தப் பேச்சே வாணாம்!" என்று துளசிங்கம் போட்ட சத்தத்தில் தெரு நாய் ஒன்று எழுந்து நின்றது. "உனக்குப் பூட்டு ஒடைக்கத் தெரியாதா? பெரிய மெக்கானிக்குன்னு சொன்னாங்க?"

"தெரியும் சார். ஒடைக்க மாட்டேன். உயிரோட கீறவங்க பூட்ட அவங்களக் கேக்காம ஒடைச்சா அதுக்குப் பேரு திருட்டு."

"அப்பத் தொடச்சிப் போடு. அதத்தானே மொதல்லருந்து சொல்றேன்."

ஜான்சி வழக்கம்போலப் பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடினாள். அடுத்த நொடி கண்ணைத் திறந்துவிட்டாள்.

பெட்டி சூடாக இருந்தது.

இரண்டு வருடமாக ஒருவரும் தொடாத பெட்டி, சற்றுமுன்தான் யாரோ அணைத்துவிட்டு எழுந்து போனதுபோல வெதுவெதுவென்று இருந்தது. தையல்நாயகிக்குப் போடவே தெரியாது. அதுவுமில்லாமல் அவள் கோயிலுக்கல்லவா போயிருந்தாள்?

ஜான்சி கீபோர்டை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்துத் தட்டினாள். எந்த வீட்டிலும் செய்கிற காரியம்தான். பிஸ்கட் தூளும் தலைமுடியும் விழும். இங்கே மேசைமேல் விழுந்தது பழுப்பு நிறத்தில் மெல்லிய பொடி. காரமான வாசனை மூக்கில் ஏறியது. ஜான்சி அடுக்கடுக்காகத் தும்மினாள்.

"இன்னாம்மா, ஜலதோஷமா?" என்று தையல்நாயகி பக்கத்தில் வந்தாள்.

துளசிங்கத்தின் கை, சட்டைப் பையில் இருந்த மூக்குப்பொடி டப்பாவை இறுக்கிப் பிடித்தது. சிமெண்ட் மூட்டை மேல் உட்கார்ந்து லாரிக்காரர்களை ஆட்டிவைக்கிற அந்தப் பெரிய மனிதர், பரீட்சையில் பிட்டோடு பிடிபட்ட பையன்போல மின்விசிறியைப் பார்த்தார்.

ஒரு வார்த்தை போதும். ஜான்சி வாயைத் திறந்தால் அந்த வீட்டில் ஒரு குட்டு உடையும். மனைவி முன்னால் அவர் இரண்டு வருடமாகத் தூக்கிப் பிடித்திருந்த வீறாப்பு அத்தனையும் அந்தப் பொடியோடு பொடியாகும். சொல்லியிருந்தால் தப்பு என்று யார் சொல்லப்போகிறார்கள்?

ஜான்சி பையிலிருந்து மஞ்சள் துணியை எடுத்து மேசையை ஒரே இழுப்பில் துடைத்தாள்.

"தூசிக்கா. வெறும் தூசி."

பிறகு பென் டிரைவைச் சொருகினாள். ஏதேதோ பட்டன்களை அமுக்கினாள். திரையில் ஓர் எச்சரிக்கை வந்து நின்றது. அவள் எழுந்து நாற்காலியை அவர் பக்கம் தள்ளினாள்.

"உக்காருங்க சார். இந்த எடத்துல எண்டர அமுக்குனா எல்லாம் தொடச்சிகினு பூடும். திரும்ப வராது. இத நான் அமுக்க மாட்டேன், நீங்கதான் அமுக்கணும்."

துளசிங்கம் உட்கார்ந்தார். விரல் எண்டர் பட்டனுக்கு மேலே வந்து நின்றது. தையல்நாயகி முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டாள். தெருவில் தண்ணீர் லாரி ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டே போய் மறைந்தது. விரல் இறங்கவில்லை.

"வேற... வேற வழியே இல்லியாம்மா?" குரல் அவருடையது போலவே இல்லை.

"பாஸ்வேர்டு இருந்தா ஒண்ணும் போவாது சார். சில சமயம் உக்காந்து யோசிச்சா யாருக்காச்சும் ஞாபகம் வரும்." சொல்லிவிட்டு ஜான்சி தையல்நாயகி பக்கம் திரும்பினாள். "அக்கா, எனக்கு ஒரு டீ போட்டுக் குடுங்களேன்."

"வேல முடியாமக் குடிக்க மாட்டேன்னு வந்தப்போ சொன்னியேம்மா?"

"தும்மித் தும்மித் தொண்ட காஞ்சி பூட்ச்சிக்கா. இஞ்சி தட்டிப் போடுங்க. பொறுமையாவே போடுங்க, அவசரமில்ல."

தையல்நாயகி தயங்கித் தயங்கி உள்ளே போனாள். அடுப்புப் பற்றும் சத்தமும், இஞ்சி தட்டும் சத்தமும் கேட்டன. ஜான்சி பென் டிரைவைப் பிடுங்கிக்கொண்டு மெஷினை மறுபடி உயிர்ப்பித்தாள். நீலத் திரையின் நடுவே ஒரு வட்டம். வட்டத்துக்குள் அரும்பு மீசையோடு சிரிக்கும் ஒரு பையன். கீழே தினகரன் என்று பேர். அதற்கும் கீழே வெறுமையான ஒரு கட்டம், அதில் கண் சிமிட்டும் ஒரு கோடு.

ஜான்சி சுவரைப் பார்த்துத் திரும்பி, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

எதிரே காலண்டர் இருந்தது. அன்றைய ராசிபலனைப் படித்தாள். மேஷத்துக்கு ஆதாயம். ரிஷபத்துக்குப் பயணம். முதுகுக்குப் பின்னால் நாற்காலி கிறீச்சிட்டது. பிறகு ஒரு தட்டு. சற்றுப் பொறுத்து இன்னொரு தட்டு. ஒற்றை விரலால், தேடாமல், தடுமாறாமல், தினமும் நடந்து பழகிய பாதையில் நடப்பதுபோல ஒவ்வொரு எழுத்தாக விழுந்தது. கடைசியில் ஒரு கனத்த தட்டு.

மீனம்வரை படித்து முடித்தாள். "ஆச்சும்மா" என்ற குரல் இன்னும் வரவில்லை. மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் வந்தது. அது பொடி போடுகிற உறிஞ்சல் அல்ல. சமையலறையில் டீ பொங்கி அடங்கும் ஓசை கேட்டது. தம்ளர் ஏந்திய கொலுசுக் கால்கள் கூடம்வரை வந்து, அங்கேயே நின்றுவிட்டன.

ஜான்சி திரும்பவில்லை. காலண்டரில் அன்றைய தாளை விரலால் மெல்லத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, மறுநாள் பலனை மேஷத்திலிருந்து படிக்க ஆரம்பித்தாள்.